பவர் முடிந்தது யாருக்குத் தெரியும்?

தாம்பரத்துக்குத் தெற்கே வயல்கள் மனைகளாக மாறிய தொண்ணூறுகளில், விவசாயி நேரடியாக மனை விற்பது குறைவு. தன் சார்பில் விற்கும் அதிகாரத்தை, அதாவது ‘பவர்’ பத்திரத்தை, புரமோட்டருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார். கல் நட்டு, மனை பிரித்து, ஒவ்வொரு கிரயப் பத்திரத்திலும் அவர் சார்பில் கையெழுத்துப் போட்டவர் பவர் ஏஜென்ட்தான். வாங்கியவர்களில் பலர் நில உரிமையாளரின் முகத்தையே பார்த்ததில்லை.

சட்டப்படி இதில் தவறில்லை. ஏஜென்ட் போடும் கையெழுத்து உரிமையாளரைக் கட்டும். ஆனால் அந்த அதிகாரம் கொடுத்தவரின் உயிரோடு ஒட்டியது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 201ஆம் பிரிவில் இதைத் தெளிவாகச் சொல்கிறது: கொடுத்தவர் ரத்து செய்தால், ஏஜென்ட் விலகினால், வேலை முடிந்தால், இருவரில் ஒருவர் இறந்தால் அல்லது சித்தசுவாதீனம் இழந்தால், கொடுத்தவர் திவாலானால் பவர் முடிந்தது.

முடிந்தது வாங்குபவருக்கு எப்படித் தெரியும்? அன்று தெரிய வழியே இல்லை. பவர் பதிவானாலும் பதிவு அலுவலகத்தின் நான்காம் புத்தகத்தில்தான் ஏறும். வில்லங்கச் சான்றில் வராது. ரத்துப் பத்திரமும் அப்படித்தான். உரிமையாளர் இறந்து வெகுகாலம் கழித்தும் அவர் பெயரால் மனைகள் விற்கப்பட்டன. வாரிசுகள் வழக்குப் போட்ட பிறகுதான், வீடு கட்டிக் குடியேறியவர்களுக்கு விஷயம் தெரியவந்தது. கடன் வாங்கி மனை வாங்கிய எளிய மனிதர்கள் அவர்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

முத்திரைத் தீர்வையை மிச்சம் பிடிக்க முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டு, கிரயத்துக்குப் பதிலாக பவர், ஒப்பந்தம், உயில் மூன்றையும் எழுதி வாங்கும் பழக்கமும் இருந்தது. டெல்லிப் பக்கம் மிக அதிகம். 2011 அக்டோபரில் சூரஜ் லேம்ப் வழக்கில், இவற்றால் சொத்துரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் முடிவாகச் சொன்னது. மகனுக்கோ மனைவிக்கோ உண்மையான தேவைக்காகக் கொடுக்கும் பவரை அந்தத் தீர்ப்பு தொடவில்லை.

தமிழ்நாட்டில் பெரிய மாற்றம் 2012 டிசம்பர் 1 முதல் வந்தது. அசையாச் சொத்து சம்பந்தப்பட்ட பவரைப் பதிவு செய்வது கட்டாயமாயிற்று. அந்தப் பதிவு ஒன்றாம் புத்தகத்துக்கு மாறியதால் வில்லங்கச் சான்றிலும் தெரிகிறது. ஏஜென்ட் கிரயம் எழுத வந்தால், கொடுத்தவர் உயிரோடு இருப்பதற்கான சான்றை சார்பதிவாளர் கேட்கிறார். இந்த ஒரு தாள் எத்தனையோ குடும்பங்களின் வீட்டைக் காப்பாற்றுகிறது. 2023 ஜூலையில், குடும்பத்தார் அல்லாதவருக்கு விற்பனை அதிகாரம் கொடுப்பதற்கான பதிவுக் கட்டணம் 10,000 ரூபாயிலிருந்து சொத்து மதிப்பில் 1 சதவீதமாக உயர்ந்தது. புரமோட்டருக்கு அது வியாபாரச் செலவு. பிள்ளைகளே இல்லாமல், நம்பிய பக்கத்து வீட்டுக்காரருக்குப் பவர் கொடுக்க வரும் மூதாட்டிக்கும் அதே கட்டணம் என்பது நியாயமாகப் படவில்லை.

மாறாதவையும் உண்டு. ‘ரத்து செய்ய இயலாத பவர்’ என்று தலைப்பில் எழுதிவிட்டால் போதும் என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். 202ஆம் பிரிவின்படி, அந்தச் சொத்திலேயே ஏஜென்டுக்குப் பங்கோ உரிமையோ இருந்தால்தான் அது நிற்கும். ரத்து செய்பவர்களும் பத்திரம் பதிந்ததோடு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். ரத்து ஏஜென்டுக்குத் தெரிந்த பிறகே அவரைப் பொறுத்தவரை செல்லும். வெளியாருக்கு, அவர்களுக்குத் தெரிந்த பிறகு. எனவே ஏஜென்டுக்குத் தபாலில் அறிவிப்பும் போகவேண்டும்.

எனக்குப் பெரிய குறையாகத் தெரிவது வேறு. அப்பா பக்கவாதத்தில் நினைவிழந்து கிடக்கிறார். வைத்தியச் செலவுக்கு நிலத்தை விற்கவேண்டும். மகனிடம் பவர் இருக்கிறது. ஆனால் அப்பாவின் அறிவு மங்கியதுமே அந்த பவரும் சட்டப்படி முடிந்துவிடுகிறது. இங்கிலாந்தில் 1985லேயே, நினைவு தவறினாலும் தொடரும் பவருக்குத் தனிச் சட்டம் வந்தது. இந்தியாவில் அப்படி ஒன்று இன்னும் இல்லை. மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் அலையும் அந்த மகன், அப்பாவுக்குக் காப்பாளராகத் தன்னை நியமிக்கச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் மனுப்போட்டுக் காத்திருக்கவேண்டியிருக்கிறது.