கடல் கடந்த தந்தப் பதுமை

லண்டன் மாநகரின் ஹாம்ஸ்டெட் பகுதியில், மேர்ஸ்ஃபீல்டு கார்டன்ஸ் தெருவில், 20ஆம் எண்ணுள்ள இல்லம் இன்று ஓர் அருங்காட்சியகமாக விளங்குகின்றது. உளப்பகுப்பாய்வு என்னும் துறையைத் தோற்றுவித்த சிக்மண்ட் ஃபிராய்டு, 1939ஆம் ஆண்டில் உயிர் நீத்த இல்லம் அது. எகிப்து, கிரேக்கம், ரோம் முதலிய தொன்னாடுகளின் சிலைகள் அவர் மேசையை நிறைத்திருந்தன. அவற்றினிடையே, அனந்தன் என்னும் அரவின்மீது வீற்றிருக்கும் திருமாலின் தந்தப் பதுமை ஒன்றும் இடம் பெற்றது. நாம் வாழும் இக்கேரள நாட்டின் தென்பகுதியாகிய பழைய திருவிதாங்கூரின் கற்சிலை ஒன்றைப் பார்த்துச் செய்யப்பெற்ற பதுமை அது. 1931ஆம் ஆண்டில், ஃபிராய்டின் 75ஆம் பிறந்தநாளை முன்னிட்டு, கல்கத்தாவிலிருந்த இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தார் அதனை அவருக்குக் காணிக்கையாக அனுப்பினர்.

வியன்னாவில் பிறந்த ஒரு கலைக்குக் கல்கத்தாவில் சங்கம் எவ்வாறு தோன்றிற்று? அயல் மண்ணில் பிறந்த கருத்து இங்கு வந்தபோது அவ்வாறே நின்றதா, அன்றி உருமாறிற்றா? பிற மாநிலத்தில் குடியேறி வாழும் நமக்கு இவ்வினாக்கள் புறம்பானவை அல்ல. ஊர் மாறினால் மனிதன் என்ன ஆகிறான் என்னும் வினாவோடு ஒட்டிப் பிறந்தவையே இவை.

இத்தகைய வினாக்களை ஆராய்வதையே வாழ்நாட்பணியாகக் கொண்டவர் பிரெஞ்சு வரலாற்றாசிரியை எலிசபெத் ருதினெஸ்கோ. 1944ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் பிறந்தவர். அன்னையார் ஜென்னி ஓப்ரி மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளரும் ஆவார். பிரான்சு நாட்டில் இத்துறை வளர்ந்த வரலாற்றை ருதினெஸ்கோ 1982, 1986 ஆகிய ஆண்டுகளில் இரு பெருந்தொகுதிகளாக வெளியிட்டார். 1993இல் ழாக் லக்கானின் வரலாற்றையும், 2014இல் ஃபிராய்டின் வரலாற்றையும் எழுதினார். மிஷேல் பிளோன் என்பாருடன் சேர்ந்து 1997இல் ஓர் உளப்பகுப்பாய்வு அகராதியைத் தொகுத்தார். மெய்யியலாளர் தெரிதாவுடன் அவர் நிகழ்த்திய உரையாடல் 2001இல் நூலாயிற்று. கங்கிலெம், சார்த்தர், ஃபூக்கோ, அல்துசேர், தெலூஸ், தெரிதா ஆகிய அறுவரைப் பற்றிய நூல் 2005இல் வந்தது.

கொள்கை என்பது வானிலிருந்து விழுவதன்று என்பது இவர் எழுத்துக்களின் அடிப்படை. அதனைச் சுமந்து செல்லும் மனிதர், அவர்தம் நட்பும் பிணக்கும், போரும் குடிபெயர்ச்சியும் அதன் வடிவை மாற்றுகின்றன. ஒரு நாட்டில் உளப்பகுப்பாய்வு வேரூன்ற இரண்டு நிலைமைகள் வேண்டும் என்பார் ருதினெஸ்கோ. பித்து என்பதைப் பேயின் செயலாகக் கருதாது நோயெனக் கொள்ளும் மருத்துவ அறிவு ஒன்று. மக்கள் அஞ்சாமல் கூடிப் பேசுதற்குரிய சட்டத்தின் ஆட்சி மற்றொன்று.

இவ்வளவுகோலைக் கொண்டு நம் நாட்டை நோக்கினால் வியப்பான செய்தி ஒன்று தென்படும். பாரிஸ் நகரில் உளப்பகுப்பாய்வுச் சங்கம் அமைந்தது 1926ஆம் ஆண்டில். கல்கத்தாவிலோ அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னரே, 1922இல், பார்சி பகான் சந்தின் 14ஆம் எண் வீட்டில் அது தோன்றிவிட்டது. நாடோ அன்னியர் ஆட்சியில் இருந்தது. பேயோட்டும் வழக்கமும் மறைந்துவிடவில்லை. கொச்சிக்கு அண்மையிலுள்ள சோட்டானிக்கரைக் கோயிலுக்கு, ஆவி பற்றியதாகக் கருதப்படுவோர் இன்றளவும் வருகின்றனர். மருத்துவமனையும் கோயிலும் அடுத்தடுத்து நிற்கும் நாடு நம்முடையது. ஐரோப்பாவுக்குப் பொருந்தும் அளவுகோலை இங்கே சற்று நெகிழ்த்தியே பிடிக்க வேண்டும்.

அச்சங்கத்தை நிறுவியவர் மருத்துவர் கிரீந்திரசேகர் போஸ். வங்கமொழி அகராதியாகிய 'சலந்திகா'வைத் தொகுத்த ராஜசேகர் போஸ் இவருடைய தமையனார். மன அமுக்கம் பற்றிய கிரீந்திரசேகரின் ஆய்வுநூல் 1921இல் வெளிவந்தது. அதனை ஃபிராய்டுக்கு அனுப்பிவைக்க, இருவருக்குமிடையே கடிதத் தொடர்பு ஏற்பட்டுப் பல ஆண்டுகள் நீடித்தது. ஆயினும் இருவரும் ஒருமுறையேனும் நேரிற் சந்தித்ததில்லை. ஃபிராய்டைக் கண்டறியாத வங்க ஓவியர் ஒருவர் கற்பனையால் வரைந்த படத்தைப் போஸ் அவருக்கு அனுப்பிவைத்தார். அப்படத்தில் தாம் முழு ஆங்கிலேயராகக் காட்சியளிப்பதாக ஃபிராய்டு தம் தோழியார் ஒருவருக்கு எழுதி நகைத்தார். ஒவ்வொரு நாடும் தனக்கென ஒரு ஃபிராய்டை வரைந்துகொள்கிறது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

போஸ் வெறும் சீடராய் நின்றுவிடவில்லை. மனத்தில் எழும் ஒவ்வொரு விருப்பத்தோடும் அதற்கு நேர் எதிரான விருப்பமும் மறைந்து நிற்கின்றது என்பது அவர் கொள்கை. பிறனை அடிக்க விழைபவன் உள்ளத்தின் ஆழத்தில், அடிபட விழையும் எண்ணமும் கிடக்கின்றது. நோயாளி இரண்டையும் மாறிமாறிக் கண்டுணர்ந்தால் அமுக்கம் தளரும் என்றார் அவர். தந்தையின் தண்டனைக்கு அஞ்சும் அச்சம் ஐரோப்பிய ஆடவரிடம் காணப்படும் அளவுக்கு இந்திய நோயாளிகளிடம் வெளிப்படுவதில்லை என்றும், பெண்ணாக இருக்க விழையும் உள்விருப்பமே இங்கு எளிதில் வெளிப்படுகின்றது என்றும் 1929ஆம் ஆண்டில் ஃபிராய்டுக்கே எழுதினார். ஃபிராய்டு அதனை முழுதும் ஏற்கவில்லை. எதிர் விருப்பங்களைத் தாம் போதிய அளவு மதிக்கவில்லை என்பதை மட்டும் ஒப்புக்கொண்டார்.

இக்கலைக்கு மற்றொரு முகமும் இருந்தது. அதே சங்கத்தில் உறுப்பினராயிருந்த ராஞ்சி மனநோய் மருத்துவமனையின் ஆங்கில மருத்துவர் பெர்க்லி ஹில், இந்துக்களின் குணத்தை இழித்துரைக்க இதே ஆய்வுமுறையைக் கருவியாக்கினார். ஒருவர் கையில் இழிவுக்குப் பயன்பட்ட கருவி, மற்றொருவர் கையில் மருந்தாயிற்று. 1940ஆம் ஆண்டில் கல்கத்தாவில் லும்பினி பூங்கா மனநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. 1947இல் 'சமீக்ஷா' என்னும் சங்கத்தின் ஏடு வெளிவரலாயிற்று. போஸ் 1953இல் மறைந்தார்.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இவ்வரலாறு ஒரு பாடம் புகட்டுகிறது. அமுக்கம் என்று மேலே நாம் எழுதியதை 'அடக்கம்' என்று மொழிபெயர்ப்பாரும் உளர். ஆனால் தமிழில் அடக்கம் என்பது ஒரு நற்குணம். வள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்தார். அறிந்து தன்னை ஆள்வது அடக்கம். தானே அறியாமல் உள்ளே புதைத்துவிட்டு, பின்னர் நோயாகச் சுமப்பது அமுக்கம். ஒரு சொல் பிழைத்தால் நோய் அறமாகிவிடும். நோயாளியைத் தேற்றுவதற்கு மாறாகப் பாராட்டி அனுப்பிவிடுவோம்!

மட்டாஞ்சேரியில் வாழ்வோர் இதனை நாள்தோறும் காணலாம். 1568இல் எழுந்த யூதர் ஆலயம், கொங்கணியர் கோயில், குஜராத்தி வணிகர் தெரு, அருகே கோட்டைக் கொச்சியில் சலவைத்துறையில் உழைக்கும் தமிழ்க் குடும்பங்கள் என மொழிகள் பல நெருங்கி வாழும் இடம் இது. 'சம்சாரம்' என்றால் மலையாளிக்குப் பேச்சு, தமிழனுக்கு மனைவி. 'வெள்ளம்' என்றால் அவருக்குக் குடிநீர். நமக்கோ ஊரை அழிக்கும் பெருக்கு. நோயாளி வாய்க்கு வந்தபடி பேச, சொல்லிலிருந்து சொல்லுக்குத் தாவும் நினைவைப் பின்தொடர்வதே உளப்பகுப்பாய்வின் முறை. 'கனவில் வெள்ளம் வந்தது' என்று தமிழர் ஒருவர் கூறினால், அதை மருத்துவர் குடிநீர் என்று கொண்டால், அந்த நினைவுச் சங்கிலி முதல் கண்ணியிலேயே அறுந்துபோகும்.

அங்காடியில் பேரம் பேசவும் அலுவலகத்தில் கோப்பெழுதவும் கற்ற மொழி போதும். துயரத்தைச் சொல்வதற்குத் தாய்மொழியே வேண்டியிருக்கிறது. உறக்கமின்மையும் இனந்தெரியாத அச்சமும் வாட்டும்போது, 'உடம்புக்குச் சரியில்லை' என்னும் ஒரே தொடரில் அனைத்தையும் அடைத்து மருந்துச் சீட்டோடு திரும்பும் தமிழர் பலர். அது பொறுமையன்று; மேலே கூறிய அமுக்கமே. நடுவணரசு 2022ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் 'டெலி மானஸ்' என்னும் மனநலத் தொலைபேசிப் பணியைத் தொடங்கிற்று. 14416 என்னும் எண்ணில் தமிழிலும் பேசலாம். இதனை நம் தெருவிலுள்ள முதியோர்க்கும், வீட்டிலேயே அடைந்து கிடக்கும் பெண்டிர்க்கும், புதிதாய் வேலை தேடி வந்த இளைஞர்க்கும் எடுத்துரைத்தல் நம் கடமை. வியன்னாவின் கலையை வங்க மக்களின் உள்ளத்துக்கேற்பத் திருத்திக்கொண்டார் போஸ். நம் துயரை நம் சொல்லால் உரைக்கவும், பிறர் உரைக்கும்போது செவி கொடுக்கவும் நாம் கற்றுக்கொள்வோமாக.