சாலையை அடைக்கும் முன் யாரைக் கேட்க வேண்டும்? சூளகிரியிலிருந்து ஒரு பார்வை

ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடியும் தேசிய நெடுஞ்சாலை 44, ஒசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையே சூளகிரியை ஒட்டிச் செல்கிறது. ஒசூரிலிருந்து கிருஷ்ணகிரி வரை ஏறத்தாழ 60 கி.மீ. நீளத்திற்கு அது ஆறுவழிச் சாலை. பெங்களூருக்குச் செல்லும் லாரிக்கு இந்த ஊர் சில நிமிடப் பயணம் மட்டுமே. சாலையின் ஒருபுறம் குடியிருந்து, மறுபுறம் வேலைக்கும் சந்தைக்கும் பள்ளிக்கும் செல்லும் ஒருவருக்கோ அதே சாலை ஒரு மதில். சென்டர் மீடியனில் உள்ள ஒரு திறப்பு அடைக்கப்பட்டால், இருசக்கர வாகனம் வைத்திருப்பவர் அடுத்த திருப்பம் வரை சென்று திரும்பிவிடுவார். நடந்து செல்பவர் என்ன செய்வார்? தடுப்பின் மீது ஏறிக் கடப்பார்.

இது கற்பனை அச்சம் அன்று. ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022-இல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தோர் 1,68,491 பேர். அவர்களில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். மொத்தச் சாலை நீளத்தில் ஏறத்தாழ 2 விழுக்காடே உள்ள தேசிய நெடுஞ்சாலைகளில், மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட மரணங்கள் நிகழ்ந்தன. ஆகவே ஒரு திறப்பை மூடுவது பாதுகாப்புக்குத் தேவையானதாகவே இருக்கலாம். ஆனால், அந்த முடிவை எடுக்கும் முன் அங்கு வாழ்வோரைக் கேட்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறதா?

சட்டம் யாரைக் கேட்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் பிரிவு 115, ஒரு பகுதியிலோ சாலையிலோ வாகனங்களைத் தடை செய்யவும் கட்டுப்படுத்தவும் மாநில அரசுக்கு அதிகாரம் அளிக்கிறது. அரசிதழில் அறிவித்தால் போதும். ஒரு மாதத்திற்கு மேற்படாத தடையென்றால் அரசிதழ் அறிவிப்பும் தேவையில்லை. வாகன நிறுத்துமிடங்களைத் தீர்மானிக்கும் பிரிவு 117, உள்ளாட்சி அமைப்பைக் கலந்தாலோசிக்கச் சொல்கிறது. பொதுமக்களைக் கேட்க வேண்டும் என்று இரண்டு பிரிவுகளுமே சொல்லவில்லை.

நிலம் எடுக்கும்போது நிலைமை சற்று வேறு. தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம், 1956-இன் கீழ் வரும் ‘3ஏ’ அறிவிப்புக்கு 21 நாட்களுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். ஆனால் அந்த உரிமை நிலத்தில் உரிமையோ நலனோ உடையவருக்கு மட்டுமே. அந்த நிலத்தில் கூலி வேலை செய்தவருக்கும், அதன் வழியே சுடுகாட்டுக்கோ பேருந்து நிறுத்தத்திற்கோ நடந்தவருக்கும் அது இல்லை. 2013-ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டம் கட்டாயமாக்கிய சமூகத் தாக்க மதிப்பீடு, நிலமற்றோரையும் பாதிக்கப்படுவோராக எண்ணியது. ஆனால் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்திற்கு அந்த மதிப்பீடு பொருந்தாது. தமிழ்நாட்டில் தொழிற்பூங்காக்களுக்கு நிலம் எடுக்கப் பயன்படும் 1997-ஆம் ஆண்டுச் சட்டத்திற்கும் மாநில அரசு விலக்கு பெற்றது. 2019 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அந்த விலக்கைச் செல்லாது என்றது. மாநில அரசு புதிய சட்டம் இயற்றி மீட்டெடுத்தது. 2021 ஜூனில் உச்சநீதிமன்றம் அதை ஏற்றது. நெடுஞ்சாலையும் சிப்காட்டும் சேர்ந்து உருமாற்றும் சூளகிரி போன்ற வட்டாரத்தில், இவ்விரண்டு விலக்குகளும் ஒரே மக்கள் மீது விழுகின்றன.

எஞ்சியிருப்பது 2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை. 30 நாள் முன்னறிவிப்பு, வட்டார மொழியில் திட்டச் சுருக்கம், மாவட்ட ஆட்சியர் தலைமையில் விசாரணை, ஒளிப்பதிவு ஆகியவற்றை அது கோருகிறது. ஆனால் 2013 திருத்தத்தின்படி, இருக்கும் நெடுஞ்சாலையின் விரிவாக்கம் 100 கி.மீ.க்கு மேல் நீண்டு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் கூடுதல் நிலமும் எடுத்தால்தான் அது இந்த வரம்புக்குள் வரும். 60 கி.மீ. விரிவாக்கம் வராது. ஒரு திறப்பை அடைப்பதோ, ஓர் அணுகுசாலையை ஒருவழிப் பாதையாக்குவதோ எந்த வரம்புக்குள்ளும் வராது.

கேட்பது மட்டும் போதுமா?

கேட்கும் வழக்கம் வேரூன்றிய நாடுகளிலும் இச்சிக்கல் தீர்ந்துவிடவில்லை. 2020-இல் கொரோனா காலத்தில் லண்டனின் பல உள்ளாட்சிகள், குடியிருப்புத் தெருக்களைக் குறுக்குவழியாகப் பயன்படுத்தும் வாகனங்களைத் தடுத்தன. பல இடங்களில் முதலில் சோதனை ஆணை, பிறகே கருத்துக்கேட்பு. அத்தகைய ஆணை 18 மாதங்கள் வரை நீடிக்கலாம். முதல் 6 மாதங்கள் ஆட்சேபத்திற்கு உரியவை. உள்தெருக்கள் அமைதியடைந்தபோது, வாகனங்கள் எல்லைச் சாலைகளுக்குத் தள்ளப்படுகின்றன என்றும், அங்கே வாழ்வோரை யார் கேட்டது என்றும் வினா எழுந்தது. 2025 மே மாதத்தில், மேற்கு டல்விச் பகுதித் திட்டத்தில் குடியிருப்போர் அளித்த விரிவான அறிக்கையை லாம்பெத் உள்ளாட்சி கருத்தில் கொள்ளவில்லை என்று கூறி, அதன் முடிவு சட்டத்திற்குப் புறம்பானது என்று அங்குள்ள உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இத்தகைய வழக்குகளில் பிரிட்டன் நீதிமன்றங்கள் பயன்படுத்தும் அளவுகோல், 1985-இல் ஒரு பள்ளி மூடல் வழக்கில் உருவானது. முடிவு இன்னும் எடுக்கப்படாத நிலையில் கேட்டார்களா? புரிந்துகொண்டு பதில் சொல்லப் போதிய தகவல் தந்தார்களா? போதிய காலம் அளித்தார்களா? சொன்னதை மனத்தில் கொண்டு முடிவெடுத்தார்களா? இந்நான்கு கேள்விகளும் நமக்கும் பயன்படும். ஆனால் நமக்கு ஐந்தாவதாக ஒரு கேள்வியும் உண்டு: ஊரைக் கேட்டபோது சேரியையும் கேட்டார்களா?

வைக்கம் சொல்லும் பாடம்

1924 மார்ச் 30 அன்று வைக்கத்தில் தொடங்கிய போராட்டம், கோயிலைச் சுற்றியுள்ள பொதுத் தெருக்களில் நடப்பதற்கான போராட்டம். அந்த ஆண்டின் இறுதியில் சாதி இந்துக்களின் ஊர்வலம் ஒன்று, தெருக்களைத் திறக்கக் கோரி ஏறத்தாழ 25,000 கையொப்பங்களுடன் திருவிதாங்கூர் அரசியிடம் மனு அளித்தது. ஆனாலும் 1925 பிப்ரவரியில் சட்டமன்றத்தில் அத்தீர்மானம் 21-க்கு 22 என்ற வாக்குகளில், ஒரே ஒரு வாக்கில் தோற்றது. நடக்கத் தடை செய்யப்பட்டவரின் உரிமை, தடை செய்தவர்களின் விருப்பத்திற்கு விடப்பட்டது. சென்னை மாகாணத்திலோ, பொதுச் சாலைகளும் கிணறுகளும் அனைவருக்கும் உரியவை என்ற தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் சட்டமன்றத்தில் கொண்டுவந்து நிறைவேற்றினார். பின்னர் அரசியலமைப்பின் 15(2) பிரிவு சாலைகளைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டது. ஒருவரைச் சாலையிலோ பாதையிலோ செல்லவிடாமல் தடுப்பது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் குற்றம்.

இவ்வரலாறு ஒரு வேறுபாட்டைக் கற்பிக்கிறது. ஒரு பாதை எப்படி அமைய வேண்டும் என்பதற்குக் கருத்துக் கேட்கலாம். ஒருவருக்குப் பாதை இருக்கலாமா என்பதைப் பெரும்பான்மையின் கருத்துக்கு விட முடியாது. கிராமசபையே ஆனாலும், ஆதிக்கச் சாதியினர் நிறைந்த கூட்டத்தில் கைகளை எண்ணி ஒரு காலனியின் வழியை அடைத்துவிட முடியாது. கருத்துக்கேட்பு என்பது வாக்கெடுப்பு அன்று.

நாம் செய்யக்கூடியவை

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் தமிழ்நாட்டில் கிராமசபைகள் கூடுகின்றன. கடக்கும் இடம், சுரங்கப்பாதை, அணுகுசாலை, பேருந்து நிறுத்தம் ஆகியவை குறித்த தீர்மானங்களை அங்கே எழுத்தில் பதியச் செய்யலாம். ஆட்சியர் தலைமையிலான மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு அவற்றை அனுப்பலாம்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-ஐ மனுப் போடும் சட்டமாக மட்டும் பார்க்க வேண்டியதில்லை. மக்களைப் பாதிக்கும் முடிவுகளை அறிவிக்கும்போது அவை பற்றிய தகவல்களைத் தாமாகவே வெளியிட வேண்டும், பாதிக்கப்படுவோருக்குக் காரணம் கூற வேண்டும் என்று அதன் பிரிவு 4(1) பொது அதிகார அமைப்புகளைக் கடமைப்படுத்துகிறது. நடைபாதைக்கான உரிமை வாழ்வுரிமையின் பகுதி என்று உச்சநீதிமன்றம் 2025 மே மாதத்தில் கூறியதையும் மனுக்களில் சேர்க்கலாம்.

கூட்டம் நடக்கும் இடமும் நேரமும் மொழியும் நம் கோரிக்கைகளில் இடம்பெற வேண்டும். பகல் 11 மணிக்கு ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் கூட்டத்திற்கு, ஷிப்டில் நிற்பவரும் களையெடுப்பவரும் ஒரு நாள் கூலியை இழந்துதான் வர முடியும். தமிழோடு தெலுங்கும் கன்னடமும் புழங்கும் இவ்வட்டாரத்தில், தமிழில் மட்டும் ஒட்டப்படும் அறிவிப்பு அனைவரையும் எட்டாது. காலனியிலேயே, மாலையில், மக்கள் பேசும் மொழியில் தனிக்கூட்டம் நடத்தக் கோருவோம். அங்கே சொல்லப்பட்டது என்ன, அதற்கு அரசின் பதில் என்ன என்பதை எழுத்தில் கேட்போம்.