உப்பளத்தின் செந்நிறம்



நான் ஆசிரியப் பணியேற்ற புதிதில் கடலோரச் சிற்றூர் ஒன்றின் பள்ளியில் இருந்தேன். ஊரைச் சுற்றிலும் உப்பளங்கள். கோடை முற்றியதும் பாத்திகளில் நீர் இளஞ்சிவப்பாக மாறும். உப்பளத் தொழிலாளி ஒருவரின் மகன் அதன் காரணத்தை வகுப்பில் கேட்டான். "மண்ணிலுள்ள இரும்பு" என்று சற்றும் தயங்காமல் விடை சொன்னேன். அது பிழை. அப்பையனிடம் திருத்திக் கூறும் வாய்ப்புப் பின்னர் எனக்குக் கிட்டவில்லை, உங்களிடமாவது கூறுகிறேன்.

பிரான்சின் தென்பகுதி உப்பளங்களை ஆராய்ந்த டூனால் என்ற அறிஞர், அச்சிவப்பு நுண்ணுயிர்களால் விளைவது என்று 1838-லேயே கண்டார். அந்த நுண்பாசிக்கு 1905-இல் அவர் பெயரால் 'டூனலியெல்லா' எனப் பெயரிட்டனர். உப்பை விரும்பும் பாக்டீரியா போன்ற வேறு சில உயிர்களும் அந்நிறத்தில் பங்கு கொள்வதுண்டு.

இப்பாசி இயல்பில் பச்சை நிறமுடையது. வெயில் கடுத்து, உப்பு மிகுந்து, நைட்ரஜன் உணவு குறைந்தால், பீட்டா கரோட்டீன் என்னும் செம்மஞ்சள் நிறமியைத் தன்னுள் திரட்டிக்கொள்ளும். கேரட்டில் இருப்பதும் இதுதான். மிகையான ஒளி பச்சையத்தைச் சிதைக்காமல் காக்கும் குடை அது. உலர்ந்த எடையில் 100-க்கு 10 பங்கு அளவுக்கும் அது சேர்வதுண்டு. எனவே, பாசியைப் பெருக்கிய பின் வேண்டுமென்றே வாட்டுவதே வளர்ப்போரின் தந்திரம். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஹட் லகூன் என்னுமிடத்தில் 1980-களில் இதற்கெனப் பெருங்குளங்கள் அமைக்கப்பட்டன.

திறந்த குளங்களில் ஒரு லிட்டர் நீருக்கு ஒரு கிராம் பாசிகூடத் தேறாது. அதைப் பிரித்தெடுப்பதுதான் பெரும்பாடு. இதன் உயிரணுவுக்குக் கெட்டியான சுவர் இல்லை. நிறமியை எளிதில் வெளிக்கொணர அது உதவும். ஆனால் அறுவடையிலேயே உயிரணு உடைந்துவிட்டால் நிறமி வீணாகும். வெளிப்பட்ட நிறமியோ காற்றும் ஒளியும் பட்டால் கெடும்.

குழம்பின்மேல் மிதக்கும் செந்நிற எண்ணெயைப் பார்த்திருப்பீர்கள். மிளகாயின் நிறமும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே; நீரில் கரையாது, எண்ணெயில் கரையும். அவ்வாறே தாவர எண்ணெயில் பாசியின் நிறமியைப் பிரிக்கலாம். மற்றொரு வழி கரியமில வாயு. 31 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல், காற்றழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 73 மடங்குக்கு மேற்பட்ட அழுத்தத்தில் அவ்வாயு திரவத்தைப்போல் பொருள்களைக் கரைக்கும். அழுத்தத்தைத் தளர்த்தினால் வாயு பறந்துவிடும், நிறமி தங்கும். எத்துணை நேர்த்தியான முறை!

இந்நிறமி உணவுக்கு வண்ணம் தருவதோடு, உடலில் வைட்டமின் ஏ ஆகவும் மாறுகிறது. அச்சத்துக் குறைந்தால் மாலைக்கண் வரும். ஆனால் நல்லதாயிற்றே என்று மாத்திரையாக அள்ளி விழுங்கலாமா? பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,000-க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வின் முடிவு 1994-இல் வெளிவந்தது. நாள்தோறும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டீன் உண்டவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் 100-க்கு 18 பங்கு மிகுந்திருந்தது. அது வேதிமுறையில் செய்த சரக்கு என்பது உண்மையே. ஆயினும், பாசியிலிருந்து வந்தது என்பதாலேயே அம்மாத்திரை புகைப்பவர்க்குத் தீங்கற்றது என்று கொள்ள இடமில்லை.