அறுவை சிகிச்சைக்குப் பின்: கண்காணிப்பா, கதிர்வீச்சா?

புராஸ்டேட் புற்றுநோய்க்காகச் சுரப்பியை முழுமையாக அகற்றிய பின், நோயியல் அறிக்கையுடன் வரும் குடும்பத்தினர் பலர் எங்களிடம் கேட்பது இதுவே: “வெட்டு விளிம்பில் புற்றணுக்கள் இருப்பதாக எழுதியிருக்கிறதே, உடனே கதிர்வீச்சுக் கொடுத்துவிட வேண்டாமா?” இந்த அச்சம் இயல்பானது. ஆயினும், காத்திருப்பது என்பது நோயைக் கவனியாமல் விடுவதன்று. அதற்கான காரணத்தை இங்கு விளக்குகிறோம்.

பி.எஸ்.ஏ. பரிசோதனை உணர்த்துவது

பி.எஸ்.ஏ. என்பது புராஸ்டேட் அணுக்கள் உருவாக்கும் ஒரு புரதம். சுரப்பி அகற்றப்பட்டதும் இரத்தத்தில் அதன் அளவு விரைவாகக் குறையும். 6 முதல் 8 வாரங்கள் கழித்துச் சோதித்தால், அது கண்டறிய இயலாத அளவுக்குத் தாழ்ந்திருக்க வேண்டும். பின்னர் அது மீண்டும் உயருமானால், புற்றணுக்கள் எங்கோ எஞ்சியிருக்கின்றன என்று பொருள். உடலில் அறிகுறி எதுவும் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே இந்த உயர்வு தெரிந்துவிடும். கண்காணிப்பு என்னும் வழி இந்த முன்னறிவிப்பையே அடிப்படையாகக் கொண்டது. விளிம்பில் புற்றணுக்கள் காணப்பட்டவர்கள் அனைவருக்கும் நோய் திரும்புவதில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

ஆய்வுகள் காட்டுவது

பிரிட்டன், டென்மார்க், கனடா, அயர்லாந்து ஆகிய நாடுகளில் 1,396 பேரைக் கொண்டு ‘ராடிகல்ஸ்’ என்னும் ஆய்வு நடைபெற்றது. ஒரு பிரிவினருக்கு அறுவைக்குப் பின் விரைவிலேயே கதிர்வீச்சு அளிக்கப்பட்டது. மற்றப் பிரிவினர் கண்காணிக்கப்பட்டு, பி.எஸ்.ஏ. உயர்ந்தால் மட்டுமே கதிர்வீச்சுப் பெற்றனர். 5 ஆண்டுகளின் முடிவில் பி.எஸ்.ஏ. வழியாக நோய் முற்றாதிருந்தோர் முதற்பிரிவில் 85 விழுக்காடு, இரண்டாம் பிரிவில் 88 விழுக்காடு. 10 ஆண்டுகளில் தொலைவிலுள்ள உறுப்புகளுக்கு நோய் பரவாதிருந்தோர் முறையே 93, 90 விழுக்காடு. இரண்டு கணக்கிலும் உள்ள வேறுபாடு, ஒரு வழி மற்றதைவிட மேலானது என்று முடிவு செய்யப் போதுமானதன்று.

இவ்வாய்வையும் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரான்சு நாடுகளில் நடந்த இரு ஆய்வுகளையும் சேர்த்து, 2,153 பேரின் விவரங்கள் 2020-இல் தொகுத்துப் பார்க்கப்பட்டன. முடிவு அதுவே. கண்காணிப்பில் இருந்தவர்களுள் அதுவரை கதிர்வீச்சுத் தேவைப்பட்டோர் 10 பேரில் ஏறத்தாழ 4 பேர் மட்டுமே. ஏனையோர் அச்சிகிச்சையின் தொல்லைகளைச் சந்திக்கவே நேரவில்லை.

கதிர்வீச்சின் தொல்லைகள்

கதிர்வீச்சுக்காக வாரத்தில் 5 நாள் வீதம் 4 முதல் 7 வாரங்கள் வரை மருத்துவமனைக்கு வர வேண்டும். சிறுநீர்ப்பையும் மலக்குடலும் மிக அருகில் இருப்பதால் அடிக்கடி சிறுநீர் கழித்தல், எரிச்சல், மலத்துடன் இரத்தம் கசிதல் போன்றவை நேரலாம். ஆண்மைச் செயற்பாடு மீள்வதும் பாதிக்கப்படலாம். அறுவைக்குப் பின் சிறுநீர்க் கசிவு படிப்படியாகக் குறைந்து வரும் மாதங்களில் கதிர்வீச்சுத் தொடங்கினால், அம்முன்னேற்றம் தடைப்படக்கூடும். ‘ராடிகல்ஸ்’ ஆய்விலும் ஓராண்டு முடிவில் கசிவுத் தொல்லை உடனடிக் கதிர்வீச்சுப் பெற்றவர்களிடமே மிகுந்திருந்தது.

யாருக்குக் காத்திருப்பு பொருந்தாது?

அறுவைக்குப் பின்னும் பி.எஸ்.ஏ. தாழாமல் நிற்பவர்களின் நிலை வேறு. அவர்களுக்கு மேற்சிகிச்சை குறித்து உடனே முடிவெடுக்க வேண்டும். கிளீசன் மதிப்பெண் 8 முதல் 10 வரை இருந்து, விந்துப்பைக்கும் நோய் பரவியிருந்தாலோ, நிணநீர்க் கணுக்களில் புற்றணுக்கள் காணப்பட்டாலோ முன்கூட்டியே கதிர்வீச்சு அளிப்பது குறித்துத் தனியே ஆராய வேண்டும். இத்தகையோர் மேற்சொன்ன ஆய்வுகளில் மிகச் சிலரே இருந்தனர். ஆதலால் அம்முடிவுகளை இவர்களுக்கு அப்படியே பொருத்த இயலாது.

காத்திருப்பின் கடமைகள்

கண்காணிப்பு பயன் தருவது, அது தவறாமல் நடந்தால் மட்டுமே. பொதுவாக முதல் 2 ஆண்டுகள் 3 மாதங்களுக்கு ஒருமுறையும், பின்னர் 6 மாதங்களுக்கு ஒருமுறையும், 5 ஆண்டுகளுக்குப் பின் ஆண்டுக்கு ஒருமுறையும் இரத்தப் பரிசோதனை செய்யப்படும். உங்களுக்குரிய கால அட்டவணையை மருத்துவர் குறித்துத் தருவார். இயன்றவரை ஒரே ஆய்வகத்தில் பரிசோதித்து, தேதியையும் அளவையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். குடும்பத்தார் ஒருவர் இப்பொறுப்பை ஏற்பது நன்று.

பி.எஸ்.ஏ. தொடர்ந்து உயர்ந்தாலோ, 0.2 நானோகிராம் அளவை எட்டி மறுபரிசோதனையிலும் அது உறுதியானாலோ தாமதிக்கலாகாது. அளவு 0.5-ஐத் தாண்டுவதற்கு முன் தொடங்கும் கதிர்வீச்சே சிறந்த பயன் தருகிறது. “உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது” என்றோ, “ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லையே” என்றோ அதனைத் தள்ளிப்போட வேண்டாம்.

அடுத்த முறை வரும்போது மூன்று கேள்விகளை எழுதி வாருங்கள்: என் நோயியல் அறிக்கைப்படி நோய் திரும்பும் வாய்ப்பு எவ்வளவு? எந்த அளவைத் தொட்டால் கதிர்வீச்சுத் தொடங்குவோம்? என் சிறுநீர்க் கட்டுப்பாடு இப்போது எந்நிலையில் உள்ளது? கடைசிக் கேள்வியைக் கேட்கப் பலர் கூசுகின்றனர். கூச்சம் வேண்டாம், அதற்கான விடையும் முடிவைத் தீர்மானிக்கும். பரிசோதனைக்கு ஒழுங்காக வர இயலாத சூழல் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். உங்களுக்கு ஏற்ற வழியைச் சேர்ந்தே தேர்ந்தெடுப்போம்.