பசறைக்குப் பாட்டு வந்த வழி

இலங்கை வானொலியின் வர்த்தக சேவை 1950இல் தொடங்கியபோது அது விற்ற சரக்கு நேரம்தான். கால் மணி, அரை மணி என்று நறுக்கி விற்றார்கள். பற்பசை, சோப்பு, புதுப்படம் என்று வாங்க வந்தவர்களில் பம்பாய்க்காரர்களும் மதராஸ்காரர்களும் நிறையப் பேர். அகில இந்திய வானொலி அந்த நாளில் விளம்பரம் எடுக்காது. 1952இல் இந்திய ஒலிபரப்பு அமைச்சராக வந்த கேஸ்கர் சினிமாப் பாட்டையும் ஓரங்கட்டிவிட்டார். கொழும்பின் கையிலோ யுத்தத்தையொட்டி ஏகலையில் நட்ட நூறு கிலோவாட் சிற்றலை ஒலிபரப்பி இருந்தது. வர்த்தக சேவையை நடத்த ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கிளிஃபர்ட் டாட் கணக்கைச் சரியாகப் போட்டார்: காது அவர்களுடையது, காசும் அவர்களுடையது, அலை மட்டும் நம்முடையது. பம்பாயில் பதிவான நாடா விமானமேறிக் கொழும்புக்கு வந்து, இங்கிருந்து ஒலியாகி இந்தியாவுக்கே திரும்பியது. பினாக்கா கீத்மாலா என்ற இந்திப் பாட்டு நிகழ்ச்சி அப்படித்தான் வடக்கை மயக்கியது. தெற்குக்குத் தமிழ் அறிவிப்பாளர் எஸ்.பி. மயில்வாகனம், பிறகு கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத்.

இந்த வியாபாரத்தில் மலையகத்துப் பசறைத் தோட்டத்தின் லயத்துக்காரருக்கு, வரிசை வீட்டுத் தொழிலாளிக்கு, என்ன இடம்? வானொலிக்கு அவர் செலவு வைக்கவில்லை, பெரிய வரவும் தரவில்லை. ஆண்டுக்கொரு வானொலி லைசன்சும் தீரத்தீரக் கட்டை பேட்டரியும்தான் அவர் செலவு. பேட்டரி தீர்ந்தாலும் தூக்கி எறியமாட்டார்கள். பகலில் வெயிலிலும் இரவில் அடுப்போரத்திலும் வைத்து இன்னும் ரெண்டு நாள் இழுப்பார்கள். அதற்கு மேல் ஒரு தபாலட்டை. பிறந்தநாள் வாழ்த்துக்கு எழுதிப்போட்டால் பிள்ளையின் பேரோடு அப்பா, அம்மா, அப்பாயி, அம்மாயி, மாமா, அத்தை என்று வரிசை முழுவதும் வாசிக்கப்படும். பசறை என்ற பேர் கொழும்பிலிருந்து கேட்கும். மறுநாள் காலை வேலைக்குப் பேர் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் அதைப் பற்றித்தான் பேச்சு. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் கோத்தகிரிக்கும் கூடலூருக்கும் போய்ச்சேர்ந்த உறவுகளும் அதே அலையைத்தான் பிடித்தார்கள். கடிதம் போய்ச்சேருமுன் அங்கே சேதி தெரிந்துவிடும். வானொலிக்கு அந்த அட்டைகள் வெறும் பாசமல்ல. எந்த நிகழ்ச்சிக்கு எத்தனை கட்டு தபால் வருகிறது என்பது நேரம் வாங்குகிறவரிடம் காட்டக்கூடிய கணக்கு.

ரூபவாஹினி 1982இல் வந்தது. தோட்டத்துக்கு அது மெதுவாகத்தான் ஏறியது. பல லயங்களில் கரண்டே கிடையாது. கார் பேட்டரியை டவுனுக்குக் கொண்டுபோய் சார்ஜ் ஏற்றிவந்து, டிவி உள்ள ஒரே காம்பராவில் லயமே அடைந்து கிடந்து படம் பார்த்த காலம் அது. 1998இல் மகாராஜா நிறுவனத்தின் சக்தியும், ஆசியா ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் சூரியன் எஃப்.எம்மும் வந்தன. சக்திக்குச் சிங்களத்தில் அண்ணன் சிரச, சூரியனுக்கு ஹிரு. எஸ்-லோன் குழாய் விற்கும் மகாராஜா வீடே அலையும் விற்கிறது என்பதில் வியக்க ஒன்றுமில்லை. இரண்டுமே வீடுவீடாகப் போகிற சரக்கு. இவர்களுக்கு மலையகம் நேரடிச் சந்தை. பால்மாவும் சவர்க்காரமும் போன் கம்பனியும் தோட்டத்துக் காதைத் தேடிக் காசு கொடுத்தன.

அதற்குள் சென்னை எழுந்துவிட்டது. 1993 ஏப்ரல் 14இல் கலாநிதி மாறன் தொடங்கிய சன் டிவி முதலில் விற்றதும் நேரத்தைத்தான். தயாரிப்பாளர் அரை மணியை எடுத்துக்கொண்டு விளம்பரத்தைத் தானே பிடித்துக்கொள்வார். 1999இல் ராடான் நிறுவனத்தின் ‘சித்தி’ தொடர் அந்த வழியில் வந்த பெரிய வெற்றி. அப்துல் ஹமீதின் பாட்டுக்குப் பாட்டுகூட கொழும்பிலிருந்து அங்கே குடிபெயர்ந்தது. பிறகு வீடு பெருத்தது. 2005இல் தினகரன் நாளிதழ், 2006இல் பங்குச்சந்தை, அடுத்து சன் டைரக்ட் டிஷ், 2008இலிருந்து சன் பிக்சர்ஸ், அப்புறம் ஐபிஎல்லில் சன்ரைசர்ஸ். படம் எடுப்பதும், அதன் பாட்டைப் போடுவதும், அதற்கு விளம்பரம் செய்வதும், பண்டிகை நாளில் ஒளிபரப்புவதும், அந்த ஒளியை வீட்டுக் கூரை வரை கொண்டுவந்து மாதக் காசு வாங்குவதும் ஒரே குடும்பம். ஒரு ‘ஜெயிலர்’ படம் எத்தனை வாசலில் காசு பார்க்கிறது என்று யோசித்துப் பாருங்கள். வெளியாரிடம் நழுவும் பங்கை எல்லாம் உள்ளேயே பிடித்துவைப்பதுதான் இந்தத் தொழிலின் கெட்டிக்காரத்தனம்.

இன்று பசறைப் பக்கத்து லயங்களில் தகரக் கூரைக்கு மேலே கல்லைப் போட்டு நிறுத்திய டிஷ்கள். டயலொக் டிவியும் உண்டு, இந்தியப் பெட்டியும் உண்டு. மாத முடிவில் டவுன் கடையில் கேட்கும் பேச்சு:

“தம்பி, டிஷ்ஷுக்கு ரீலோட் போட்டு விடுங்க.”

“ஒரு மாசத்துக்கா, அக்கா?”

“பதினஞ்சு நாளைக்கு வருமா பாருங்களே. சம்பளம் போட்டதும் மிச்சத்தப் போடுறேன்.”

கடைக்காரர் நீளக் கொப்பியில் பெட்டி நம்பரைத் தேடுவார். 2024இல் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயான பிறகும் இந்தப் பதினைந்து நாள் பேரம் போகவில்லை. இந்தியப் பெட்டிக்காரருக்கு 2022 இன்னும் கசந்தது. ஆண்டுத் தொடக்கத்தில் மூன்று இலங்கை ரூபாய்க்கும் குறைவாக இருந்த ஓர் இந்திய ரூபாய், நடுவில் நாலரைக்கு ஏறிவிட்டது. அதே நாடகம், அதே மாமியார், ஒன்றரை மடங்குக்கும் மேல் விலை.

ஆனால் காசு கொடுக்கும் இந்த வீடு சென்னையின் கணக்கில் பாதிதான் இருக்கிறது. டிஆர்பி அளக்கும் பார்க் (BARC) அமைப்பின் பெட்டிகள் இந்திய வீடுகளில் மட்டுமே உள்ளன. தி.நகர் நகைக்கடை விளம்பரத்தைப் பசறைப் பெண் நூறு தடவை பார்த்தாலும் நகைக்கடைக்காரருக்கு அது கணக்கில் வராது. அவளால் அங்கே போய் வாங்கவும் முடியாது. அன்று வானொலி கேட்ட திருச்சிக்காரர் கொழும்பின் வருமானத்துக்கு ஆதாரம். இன்று பசறைக்காரர் சென்னைக்குச் சந்தா மட்டும் கட்டும் விருந்தாளி. இதைத் துரோகம் என்று எழுத எனக்கு விருப்பமில்லை. யாருக்குப் பொருள் விற்க முடியுமோ அவரைத்தான் விளம்பரக் கம்பனி எண்ணும்.

எண்ணும் வேலையை இப்போது போன் மாற்றிக்கொண்டிருக்கிறது. யூடியூப்பில் சென்னை நாடகத் துணுக்குக்கு நடுவே கொழும்பு விளம்பரம் வருகிறது. பார்ப்பவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்று அதற்குத் தெரியும். 2023இல் ஜீ தமிழின் சரிகமப சிறுவர் மேடையில் யாழ்ப்பாணத்துக் கில்மிஷாவும் புசல்லாவைத் தோட்டப் பகுதி அசானியும் பாடினார்கள். மலையகத் தமிழர் வந்து இருநூறு ஆண்டு என்று நினைவுகூர்ந்த வருஷம் அது. கில்மிஷா பட்டம் வென்றார், அசானியின் பாட்டுக்காக லயங்கள் திரைமுன் குந்தின. யூடியூப்பில் அந்தப் பார்வைகள் இம்முறை சேர்ந்தே எண்ணப்பட்டன. விலை மட்டும் ஒன்றல்ல. விளம்பரத்துக்கு நாட்டுக்கொரு விலை. டொரொண்டோவில் இருக்கும் உறவுக்காரர் அதே பாட்டைப் பார்த்தால் ஜீக்குக் கிடைக்கும் காசில் சிறு பங்குதான் பசறையின் பார்வை கொடுக்கும்.