வானில் எரிபொருள், தரையில் பேரம்

சந்தையில் பத்துக் கடைகள் இருந்தால்தான் வாங்குபவருக்குப் பேரம் பேச இடமுண்டு; போர்த்தளவாடச் சந்தையிலோ வாங்குபவர் அரசு ஒன்றே, விற்பவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். பனிப்போர் முடிந்து படைச்செலவு சுருங்கிய 1993 இல், அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் தலைமையகமான பென்டகன் நிறுவனத் தலைவர்களை விருந்துக்கு அழைத்து, இனி எல்லோருக்கும் வேலை இராது என்று உணர்த்தியதைத் தொடர்ந்து இணைப்புகள் விரைந்து நடந்தன. 1990களில் 51 ஆக இருந்த முதன்மை வான்தளவாட ஒப்பந்ததாரர்கள் 5 ஆகக் குறைந்ததாகப் பென்டகனின் 2022 ஆம் ஆண்டு அறிக்கையே கூறுகிறது. இத்தகைய சந்தையில் போட்டி எவ்வாறு குலைகிறது, எவ்வாறு மீட்கப்படுகிறது என்பதற்கு, எரிபொருள் விமானக் கொள்முதல் ஒரு தெளிவான சான்று.

பறந்துகொண்டிருக்கும் போர்விமானத்துக்கு, முன்னே பறந்தபடியே வால்பகுதியிலிருந்து நீளும் குழாய் வழியாக எரிபொருள் ஊட்டுவது இவ்வகை விமானத்தின் பணி. 1957 முதல் இப்பணியைச் செய்துவந்த போயிங்கின் கேசி-135 விமானங்கள் முதுமையடைந்துவிட்டன என்று கூறி, 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின், 100 போயிங் 767 விமானங்களைக் குத்தகைக்கு எடுக்க அமெரிக்க விமானப்படை முனைந்தது. 2,000 கோடி டாலரைத் தாண்டும் இத்திட்டம் உண்மையான போட்டியின்றியே போயிங்கை நோக்கி நகர்ந்தது. விலைக்கு வாங்குவதைவிடக் குத்தகையே கூடுதல் செலவு என நாடாளுமன்றத்தின் நிதிநிலை அலுவலகம் கணக்கிட்டுக் காட்ட, செனட்டர் ஜான் மெக்கெயின் இதை விடாமல் எதிர்த்தார்.

அரசின் சார்பில் விலை பேசியவர் விமானப்படையின் மூத்த கொள்முதல் அதிகாரி டார்லீன் ட்ரூயன். அவருடைய மகளும் வருங்கால மருமகனும் அவர் கேட்டுக்கொண்டதன்பேரில் ஏற்கெனவே போயிங்கில் வேலை பெற்றிருந்தனர்; போயிங்குடன் அரசு அலுவல் நடந்துகொண்டிருந்தபோதே தமக்கும் அங்கு ஒரு பதவிக்காகப் பேசி, 2003 ஜனவரியில் அதில் அமர்ந்தார். அரசுப் பதவியிலிருந்து நிறுவனத்துக்கும் நிறுவனத்திலிருந்து அரசுக்கும் ஆட்கள் மாறி மாறிச் செல்லும் இவ்வழக்கத்தை அமெரிக்கர்கள் 'சுழல்கதவு' என்பர். விமானங்களுக்குத் தகுதிக்கு மேற்பட்ட விலையை ஏற்றுக்கொண்டதாக நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்ட ட்ரூயனுக்கு 2004 இல் ஒன்பது மாதச் சிறையும், அவருடன் பதவி பேசிய போயிங் நிதித்தலைவர் மைக்கேல் சியர்ஸுக்குப் பின்னர் நான்கு மாதச் சிறையும் விதிக்கப்பட்டன. குத்தகைத் திட்டமும் கைவிடப்பட்டது.

அதன்பின் நடந்த போட்டியில், 179 விமானங்களுக்கான சுமார் 3,500 கோடி டாலர் ஒப்பந்தம் 2008 பிப்ரவரியில் நார்த்ராப் குரும்மனுக்கும், ஏர்பஸ்ஸின் அப்போதைய தாய் நிறுவனமான இஏடிஎஸ்ஸுக்கும் கிடைத்தது. போயிங் முறையிடவே, நாடாளுமன்றத்துக்காக அரசுச் செலவுகளைத் தணிக்கை செய்யும் அரசுப் பொறுப்புடைமை அலுவலகம் கோப்புகளைப் புரட்டிப் பார்த்தது. குறித்த இலக்கைத் தாண்டிய திறனுக்குத் தனிச்சலுகை கிடையாது என்று ஒப்பந்தப்புள்ளி அழைப்பிலேயே எழுதியிருந்த விமானப்படை, மதிப்பிடும்போது கூடுதல் எரிபொருள் வழங்கும் திறனுக்காக ஏர்பஸ் விமானத்துக்கு முன்னுரிமை தந்திருந்தது கண்டறியப்பட்டது. முதல்முறை போட்டியே இல்லை. இம்முறை போட்டி இருந்தும், தான் வகுத்த விதியை விமானப்படை தானே மீறியிருந்தது. எனவே போட்டி மீண்டும் தொடக்கத்திலிருந்து நடத்தப்பட்டது.

இதற்கிடையில் கன்சாஸ், வாஷிங்டன் மாநிலங்களின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் போயிங் பக்கமும், ஏர்பஸ் தொழிற்சாலை வரவிருந்த அலபாமாவின் உறுப்பினர்கள் மறுபக்கமும் நின்று வேலைவாய்ப்பைக் காட்டி வாதாடினர். 2011 பிப்ரவரியில் போயிங் வென்றது. அடுத்த ஆண்டே, பெருமளவு வேலை கிடைக்கும் என்று நம்பப்பட்ட கன்சாஸின் விச்சிட்டா ஆலையை மூடப்போவதாக அந்நிறுவனம் அறிவித்தது.

ஆனால் அந்த 2011 ஒப்பந்தத்தில் விமானத்தை உருவாக்கும் செலவுக்கு உச்சவரம்பு விதிக்கப்பட்டிருந்ததால், அதைத் தாண்டிய செலவை அரசு ஏற்க வேண்டியிருக்கவில்லை. இத்திட்டத்தில் போயிங் கண்ட இழப்பு 700 கோடி டாலரைக் கடந்துவிட்டது. எதிரில் ஒரு போட்டியாளர் இருந்ததாலும், இட்ட மதிப்பெண்ணுக்குக் கணக்குக் காட்டும் கடமை அதிகாரிகளுக்கு இருந்ததாலும் கிடைத்த பயன் இது. அதற்கு நாடு கொடுத்த விலை காலம்: அவசரம் என்று 2001 இல் தொடங்கிய கொள்முதலின் முதல் விமானம் விமானப்படையின் கைக்கு வந்தது 2019 ஜனவரியில்தான்.