காய்கறிப் பாத்திக்குப் பக்கத்தில் ஒரு குளம்

1736ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் ராபர்ட் மார்ஷம் என்ற நிலக்கிழார் ஒரு குறிப்பேட்டைத் தொடங்கினார். முதல் ஸ்னோடிராப் பூ என்று மலர்ந்தது, தகைவிலான் குருவி என்று வந்து சேர்ந்தது, தவளை என்று கத்தியது என்று ஆண்டுதோறும் எழுதிவைத்தார். அவர் குடும்பத்தார் அந்தப் பதிவை 1958 வரை தொடர்ந்தார்கள். இன்று அதே வேலையை ‘நேச்சர்ஸ் கேலண்டர்’ திட்டத்தின் வழியே பிரிட்டனின் பொதுமக்கள் செய்கிறார்கள். முதல் தவளை முட்டையைக் கண்ட தேதியும் அந்தப் பதிவில் உண்டு.

காய்கறி போடுகிறவர்கள் குறித்துவைக்க வேண்டிய தேதிதான் அது. கார்ன்வாலில் டிசம்பரிலேயேகூட முட்டை தென்படும். மற்ற இடங்களில் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச். அப்போது தோட்டத்தில் பெரிதாக ஒன்றும் நடந்திருக்காது. நவம்பரில் ஊன்றிய பிராட் பீன்ஸ் கொஞ்சம் எழுந்து நிற்கும். விதை உருளைக்கிழங்கு ஜன்னலோரத்தில், முட்டை அட்டையில் உட்கார்ந்து முளை விட்டுக்கொண்டிருக்கும். மே நடுப்பகுதி வரை உறைபனி வரலாம் என்பதால் தக்காளி நாற்றை யாரும் வெளியே நடுவதில்லை.

குளமோ அதற்குள் வேலையைத் தொடங்கிவிடும். ஆழம் குறைந்த ஓரத்து நீர் வெயிலில் சீக்கிரம் சூடாகும்; தவளைகள் அங்கேதான் கூடும். ஒரு பெண் தவளை ஆயிரத்துக்கும் மேற்பட்ட முட்டைகளை ஒரே திரளாக இடும். வேகவைத்த ஜவ்வரிசியின் நடுவில் கறுப்புப் புள்ளி வைத்ததுபோல் இருக்கும். அந்தக் கறுப்பு வெயிலை உறிஞ்சும். சுற்றியுள்ள வழவழப்பு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். அதனால் திரளின் நடுப்பகுதி சுற்றியுள்ள நீரைவிடச் சற்று வெதுவெதுப்பாகவே இருக்கும். கடும் பனி விழுந்தால் மேலே மிதக்கும் முட்டைகள் வெளுத்துச் செத்துப்போகும். அடியில் இருப்பவை பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

அதே குளத்தில் நியூட் என்ற வாலுள்ள சிற்றுயிர் வேறு வழியைக் கையாளும். பெண் நியூட் ஒரு நீர்ச்செடி இலையைத் தேர்ந்தெடுத்து, பின்னங்கால்களால் அதை இரண்டாக மடித்து, மடிப்புக்குள் ஒரே ஒரு முட்டையை ஒட்டும். பிறகு அடுத்த இலை. வாரக்கணக்கில் இப்படியே நடக்கும். ஏப்ரலில் குளக்கரையில் குனிந்து பார்த்தால் மடிந்த இலைகள் தெரியும். தயவுசெய்து பிரித்துப் பார்க்காதீர்கள்.

முட்டையிட்டு முடித்த தவளைகள் குளத்தை விட்டு வெளியேறிவிடும். தவளை ஆண்டு முழுக்கக் குளத்தில்தான் கிடக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஈரப்புல்லிலும் உரக்குவியலின் அடியிலும் ஒளிந்திருந்து, இரவில் இரை தேடி வரும். இரையில் முக்கியமானது ஓடில்லாத நத்தை. ஈர மண்ணில் நட்ட லெட்யூஸ் நாற்றை ஒரே இரவில் தண்டோடு தின்றுவிடக்கூடியது அது. நத்தைக்கு வைத்துவந்த மெட்டால்டிஹைடு உருண்டைகளை வெளியிடத்தில் பயன்படுத்த கிரேட் பிரிட்டனில் 2022 முதல் தடை. பறவைகளுக்கும் பாலூட்டிகளுக்கும் அவை ஆபத்து என்பதே காரணம். மிகச் சரியான முடிவு. தவளை எல்லா நத்தைகளையும் ஒழித்துவிடாது. ஆனால் விஷமில்லாமல் இரவுக் காவல் பார்க்கும். தலைப்பிரட்டை வளர்ந்து முட்டையிடும் பருவத்தை எட்ட இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும் என்பதால் பொறுமை வேண்டும்.

பூச்சிகளும் இந்தக் கணக்கில் சேரும். தேனீயைப் போலவே தோற்றமளிக்கும் ஒருவகை ஈயின் புழு, இலை அழுகும் நீரில் நீண்ட வால்குழாயை மேலே நீட்டி மூச்சுவிட்டு வளர்கிறது. வளர்ந்த ஈ பூவுக்குப் பூ தாவி மகரந்தம் சேர்க்கும். அதனால் குளத்தைப் பளிங்காகத் துடைத்துவைக்கும் பழக்கம் தோட்டத்துக்கு உதவாது.

இங்கிலாந்தில் தோட்டம் வைத்திருக்கும் தமிழர்கள் அங்கே பெரிய குளம் தோண்ட வேண்டியதில்லை. பாத்திரம் கழுவும் தொட்டியை மண்ணில் பதித்தாலே ஆரம்பத்துக்குப் போதும். குழாய் நீரில் உள்ள சத்துகள் பாசியை வளர்க்கும், மழைநீர் நல்லது. முள்ளெலி தவறி விழுந்தால் ஏறிவர ஒரு பக்கம் கல் அடுக்கிச் சரிவு வையுங்கள். மீன் விடாதீர்கள், தலைப்பிரட்டைகளைத் தின்றுவிடும். சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் மேலே உறுதியான கம்பிச் சட்டம் கட்டாயம்.

அடுத்த ஊர்க் குளத்திலிருந்து முட்டையையோ செடியையோ அள்ளிவந்து போடவும் வேண்டாம். தவளைகளைக் கொல்லும் ரனாவைரஸ் அப்படித்தான் பரவக்கூடும். பரவிப் பெருகி நீர்நிலைகளை மூடிவிடும் 5 நீர்த்தாவரங்களை விற்பதற்கு இங்கிலாந்தில் 2014 முதல் தடை இருக்கிறது. நீர் இருந்தால், சுற்றுவட்டாரத்தில் உள்ள தவளைகள் பெரும்பாலும் தாமாகவே தேடி வந்துவிடும்.